அது வேற, இது வேற

திருத்திகள் என்று ஓர் இனம் உண்டு. எந்த ஊர்த் தண்ணீருக்கும் தாக்குப்பிடிக்கும். எந்தக் கூட்டத்திலும் ஒன்றாவது தட்டுப்படும். நீங்கள் பல்வலியோடு போய் நின்று, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பாதி வாயால் உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எதிரில் இருப்பவர் தலையை ஆட்டுவார், புருவத்தைச் சுருக்குவார், உதட்டைக்கூட உங்களோடு சேர்ந்து அசைப்பார். அடடா, நம் வலி இவருக்கும் வலிக்கிறதே என்று உங்களுக்குக் கண் கலங்கும். கலங்க வேண்டாம். கதைக்கு நடுவே ஓர் இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள். நீங்கள் எப்போது மூச்சு விடுவீர்கள், எப்போது பாயலாம் என்று அவர் காத்திருக்கிறார். அவ்வளவுதான்.

இந்த இனத்தில் நான் பக்கத்தில் இருந்து பார்த்தது ஒன்றே ஒன்று. என் கொழுந்தன். என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவர்.

அவர் பெயரை நான் முதலில் கேட்டது என் கல்யாணப் பேச்சின்போது. தரகர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டு ஆட்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மூத்தவள் ஒருத்தி, கட்டிக்கொடுத்து இரட்டைப் பெண்கள், அடுத்தவர்தான் மாப்பிள்ளை, "கடைசியா அதுவேற."

"அது வேற யாரு?" என்றார் என் அப்பா.

"அதாங்க, அதுவேற."

"அதத்தான்யா கேக்குறேன், வேற யாரு?"

"பையனக் கூப்பிடுற பேரே அதுதாங்க. படிப்புல புலி. வாத்தியார் இங்கிலீஷ் பாடம் நடத்துறப்ப நடுவுல எழுந்து, 'சார், நீங்க சொன்னது அது வேற, புத்தகத்துல இருக்கறது இது வேற'ம்பான். மூணு வாத்தியாருங்க மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னா பாத்துக்கங்க!"

தரகர் பெருமையாகத்தான் சொன்னார். அப்பாவும் பெருமையாகத்தான் கேட்டார். அந்த வீட்டில் போய் வாழப் போவது அப்பா இல்லையே.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கக் கொழுந்தன் போட்ட பிச்சை. அதனால் எல்லாமே ஜோடி ஜோடியாகத்தான் தெரியும். பாரோ, லெண்ட். டீச், லேர்ன். அட்வைஸ் என்று ஒன்று. அதையே கடைசியில் வண்டு மாதிரி இழுத்தால் இன்னொன்று. தனித்து வாழும் வார்த்தை எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. பக்கத்தில் ஒரு பகையாளி இருந்தால்தான் அவர் வாயில் ஒரு வார்த்தை வரும்.

அவர் திருத்தும் அழகைச் சொல்ல வேண்டும். முதலில் ஆள்காட்டி விரல் எழும்பும், அரை அளவுக்கு மட்டும். "முடிங்க, முடிங்க, நீங்க முடிங்க" என்பார், பெரிய மனசோடு. நீங்கள் முடிப்பீர்கள். "ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்குவார். திருத்திகளுக்கு எப்போதும் சின்ன விஷயம்தான். பெரிய விஷயம் எதையும் அவர்கள் தொட்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மின்கம்பிக்காரர் இருந்தார். ஒருநாள் அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, மூடுகிற குழாய் சிக்கிக்கொண்டு, தண்ணீர் சுவர் வழியாக அருவி மாதிரி கொட்டுகிறது. மனுஷர் நனைந்த சட்டையோடு ஓடி வந்தார்.

"சார், அவசரம்! உங்க ஏணியக் கொஞ்சம் லெண்ட் பண்ணிக்கிறேன்."

விரல் எழும்பிவிட்டது.

"லெண்ட் பண்றது நானு. நீங்க பண்றது பாரோ."

"சரி சார், ஏதோ ஒண்ணு. தண்ணி..."

"ஏதோ ஒண்ணு இல்ல. கைவிட்டுப் போனா லெண்ட், கைக்கு வந்தா பாரோ. அது வேற, இது வேற. இப்ப சொல்லுங்க, நீங்க என்ன பண்ணணும்?"

"சார், கீழ் வீட்டுக்குள்ள தண்ணி போயிடுச்சு சார்!"

"ஒருதடவ சரியாச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்களேன்."

அவர் சரியாகச் சொல்லி ஏணியை எடுத்துக்கொண்டு போவதற்குள் மூன்று வீட்டுப் பாய் படுக்கை மிதந்தது. அடுத்த வாரமே அவர் சொந்தமாக ஓர் ஏணி வாங்கிவிட்டார். பிறகு ஒரு சமயம் கொழுந்தன் அவரிடம் சுத்தியல் கேட்டுப் போனபோது, "சார் கேக்குறது பாரோவா, லெண்டா? யோசிச்சு வைங்க, நான் சாப்பிட்டுட்டு வந்துடுறேன்" என்று கதவைச் சாத்தினாராம். கொழுந்தனுக்கு அதில் வருத்தமே இல்லை. "பரவால்ல அண்ணி, ரெண்டும் அவருக்கு ஞாபகம் இருக்கு!" என்றார் என்னிடம்.

வீட்டுக்குள் வேறு கதை. அவர் மனைவி, என் ஓர்ப்படி, கல்யாணமான புதிதில் எல்லோரையும் போல நாலு இங்கிலீஷ் வார்த்தை கலந்து பேசிக்கொண்டிருந்தவள்தான். வாய் திறந்தால் விரல் எழும்பியதில், ஒவ்வொரு வார்த்தையாகக் கைவிட்டாள். ஃபேன் போய் காற்றாடி வந்தது. ஃப்ரிட்ஜ் போய் குளிர்ப்பெட்டி. ஸ்விட்சைத் 'தட்டுறது' என்றாள். மகளும் தாயைப் பார்த்து அப்படியே பேசினாள். தெருவில் அந்த வீட்டுக்குத் தனித்தமிழ்க் குடும்பம் என்று பெயர் வந்து, ஒரு தமிழ்ச் சங்கத்துக்காரர் பாராட்டி மாலைகூடப் போட்டுவிட்டுப் போனார். மொழிப்பற்று எப்படியெல்லாம் வளர்கிறது பாருங்கள்!

கொழுந்தனுக்கு வேலை கிடைத்த இடமும் அப்படி. வீட்டுச் சாமான்களோடு பெட்டிக்குள் மடித்து வைப்பார்களே, யாரும் படிக்காத இங்கிலீஷ் குறிப்புத்தாள், அதை அச்சடிக்கிற அச்சகம். அங்கே ப்ரூஃப் திருத்துகிறவர், அதாவது அச்சேறுமுன் எடுக்கும் மாதிரித் தாளை. தப்பு வார்த்தையைச் சிவப்புப் பென்சிலால் சுழிப்பார், சரியானதை ஓரத்தில் எழுதுவார், பக்கத்தில் தன் இனிஷியலைப் போடுவார். மூன்றாம் ப்ரூஃப் சுத்தமாக இருந்தால் அடியில் முழுக் கையெழுத்தும் தேதியும். அதோடு முடிந்தது. அதற்குமேல் அந்தத் தாளில் ஒரு புள்ளி வைக்க முதலாளிக்கும் உரிமை கிடையாது. போட்ட கையெழுத்தை அவர் ஒருநாளும் திரும்ப வாங்கியதில்லை. கோயில் மாதிரி அது அவருக்கு.

அங்கே மெஷின்காரர் ஒருவர் கால் சுளுக்கி இரண்டு நாள் லீவு கேட்டு எழுதினார். இவர் சுழித்துத் திருப்பினார். மறுபடி எழுதினார். மறுபடி சுழித்தார். மூன்றாவது தடவை கடிதம் தேறியபோது கால் சரியாகிவிட்டது. லீவு வேண்டாம் என்று மெஷின்காரர் எழுதிக் கொடுத்தார். அதில் இரண்டு தப்பு.

ஆனால் இவர் பெருமையையும் சிறுமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் இஸ்திரிப் பெட்டிக் கதையைத்தான் சொல்ல வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்கான தாளில், துணி துவைக்கும் மெஷினுக்கு எழுதியது முழுவதும் தவறிப்போய் ஏறிவிட்டது. அழுக்குத் துணியை உள்ளே போடவும், சோப்புத்தூள் ஒரு கரண்டி சேர்க்கவும், மூடியை அழுத்தவும். இவர் மூன்று தடவை படித்தார். லூஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் லாஸ் என்று இருந்ததைக் கண்டுபிடித்தார். கையெழுத்துப் போட்டார். ஐயாயிரம் பெட்டிகள் ஊரெல்லாம் போயின. துணியை இஸ்திரிப் பெட்டிக்குள் எந்த வழியாகப் போடுவது என்று ஆள் மாற்றி ஆள் கேட்டபோது முதலாளி இவரைக் கூப்பிட்டு விட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒரு தப்பு காட்டுங்க பாப்போம்" என்றார். முதலாளி கண்ணாடி போட்டு அரைமணி நேரம் தேடினார். ஒரு தப்பும் இல்லை!

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "என் தம்பி கண்ணு எழுத்து மேலதான் போவும். எழுத்துக்குள்ள போவாது." அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அந்தச் சொல்லை நான் முடிந்து வைத்திருந்தேன்.

அது வேண்டியிருந்தது, கொழுந்தன் மகளுக்காக.

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் பெட்டி பெட்டியாகச் சரக்குத் தூக்கும் க்ரேன் இருக்கிறதே, அதை ஓட்டப் பழக்கும் பயிற்சி நிலையத்துக்கு யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டு, பரீட்சை எழுதி, உயரத்தில் ஏற்றி இறக்கிய சோதனையிலும் தேறிவிட்டாள். நாற்பது பேரில் எடுத்தது ஆறு பேரை. அதில் இவள் ஒருத்தி. அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, என்னைத் துறைமுகப் பயிற்சிக்கு எக்செப்ட் பண்ணிட்டாங்கப்பா!"

அத்தனை வருஷம் கழித்து அப்பாவுக்குப் பிடிக்கட்டும் என்று ஆசையாக ஓர் இங்கிலீஷ் வார்த்தை சொன்னாள், பாவம்.

"அக்செப்ட்" என்றார் அப்பா. "எக்செப்ட்டுன்னா உன்னைத் தவிர மத்த எல்லாரையும் எடுத்துட்டாங்கன்னு ஆயிடும். அது வேற, இது வேற."

பத்து நிமிஷம் அது போயிற்று. அது முடிந்த பிறகுதான் எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டார். கேட்டதும் முடியாது என்றார். தன் மேஜைக்குப் பக்கத்திலேயே அச்சகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி பேசி வைத்திருக்கிறாராம். கூடவே உட்காரலாமாம். தினமும் கற்றுக்கொள்ளலாமாம்.

பெண் என்னிடம் வந்தாள். உயரமான வேலை என்பதால் பெற்றவர் சம்மதக் கடிதம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். மாசக் கடைசி வெள்ளிக்குள் கடிதம் போய்ச் சேரவில்லையென்றால் ஏழாவது ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"ஏம்மா, அவ்வளவு உசரத்துல தனியா உக்காந்து, பயமா இருக்காது?"

"அறுபதடி உசரம், பெரியம்மா. கண்ணாடிக் கூண்டு. உள்ள ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒரே ஒரு நாற்காலி, பெரியம்மா."

எனக்குப் புரிந்துவிட்டது.

"அழாத. உங்கப்பாகிட்ட கையெழுத்தக் கேட்டாத்தான குடுக்க மாட்டாரு? தப்பக் குடு. கையெழுத்துத் தானா வரும்."

அவள் சம்மதக் கடிதத்தை இங்கிலீஷில் அடித்தாள். வரிக்கு வரி இடம் விட்டு, ஓரம் அகலமாக விட்டு, அச்சகத்துத் தாளைப் போலவே. அதில் பதினோரு தப்பு விதைத்தாள். எல்லாம் அவர் வீட்டிலேயே வளர்ந்த ஜோடிகள். எதை எங்கே மாற்றி வைத்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும் என்று அவளுக்கா தெரியாது? தன் பெயரையேகூடச் சின்ன எழுத்தில் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் ப்ரூஃப் கட்டில், தையல் மெஷின் தாளுக்கும் வெந்நீர் அடுப்புத் தாளுக்கும் நடுவில் அதைச் செருகினாள். நான் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

தையல் மெஷின் முடிந்தது. கடிதம் வந்தது. சிவப்புப் பென்சில் இறங்கியது.

"சே! இதப் பாருங்க அண்ணி. அஃபெக்ட் வர்ற எடத்துல எஃபெக்ட். கண்ணு தெரியாதவன் எழுதியிருப்பான் போல."

"யாரு தம்பி எழுதினது?"

"எவனா இருந்தா என்ன? ஒரு பேரச் சின்ன எழுத்துல போட்டிருக்கான், மூதேவி."

மகள் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் இனிஷியல் போட்டார். பெற்றவரை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு இருந்தது. ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று கேட்டேன்.

"என்ன விஷயமா எழுதியிருக்குது, தம்பி?"

அவர் பென்சிலை நிறுத்தி, என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"விஷயம் நமக்கு எதுக்கு அண்ணி? விஷயம் வேற, வார்த்தை வேற."

சரி என்று பட்டாணிக்குத் திரும்பினேன். என் மேல் பழி இல்லை.

விதைத்த பன்னிரண்டில் பத்தை அன்றே பிடுங்கிவிட்டார். பெண் அதன்படி மறுபடி அடித்துச் செருகினாள்; அடுத்த ஞாயிறு இரண்டாம் ப்ரூஃப், மீதியும் போயிற்று. மூன்றாம் ஞாயிறு, கடைசி வெள்ளிக்கு ஐந்து நாள் முன்னால், சுத்தமான கடிதம் அவர் கைக்கு வந்தது. பெண் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அவள் அம்மா. கொழுந்தன் மேலிருந்து கீழே படித்தார். பென்சில் எங்கும் நிற்கவில்லை. கையெழுத்துப் போடுவார் என்று பார்த்தால், தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒண்ணுமே இல்லையே" என்றார். "ஒண்ணுமே இல்லாத தாளு எனக்குப் பிடிக்கிறதில்ல அண்ணி. இன்னொருதடவ நிதானமாப் படிச்சுப் பாக்கறேன்."

நிதானமாகவா? எனக்குப் பட்டாணி கைநழுவிக் கொட்டியது. தப்பு இல்லாத கடிதத்தை நிதானமாகப் படித்தால் பிறகு அதில் விஷயத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? முதல் வரியில் கண் ஊன்றினார். உதடு மெல்ல அசைந்தது. இரண்டாம் வரி. மூன்றாம் வரியில்தான் மகள் பெயர்.

"தம்பி!" என்றேன். "ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். இந்த ரிமைண்டுன்னா என்ன, ரிமெம்பருன்னா என்ன?"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருஷமாக யாரும் அவரை எதையும் தானாகக் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அண்ணி! நீங்களா கேக்குறீங்க? அப்படிக் கேளுங்க! நானா நெனச்சா ரிமெம்பர். இன்னொருத்தர் என்னை நெனைக்க வச்சா ரிமைண்ட். இப்ப பாருங்க..." வாய் என்னிடம் பேசிக்கொண்டிருந்தது. கை, முப்பது வருஷம் பழகிய கை, அதுபாட்டுக்குக் கடிதத்தின் அடியில் முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டு, ப்ரூஃப் கட்டின் மேல் கவிழ்த்து வைத்தது. நாற்பது நிமிஷம் கேட்டேன். ஒரு சொல்லுக்கும் கொட்டாவி விடவில்லை. பெற்ற தாய்கூட அந்தப் பெண்ணுக்காக அவ்வளவு பட்டிருக்க மாட்டாள்.

கடிதம் போயிற்று. பத்து நாளில் பதில் வந்தது, கொழுந்தன் பெயருக்கே. முதலில் சிவப்புப் பென்சிலோடு படித்தார். ஓர் இடத்தில் சுழித்தார். அவர் மனைவி, "என்னங்க விஷயம்?" என்று கேட்டாள்.

"விஷயமா..." என்று தாளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கடிதத்துக்குள் விஷயம் இருப்பதை அவர் கண்டது அன்றைக்குத்தான். தங்கள் மகளைச் சேர்த்துக்கொண்டோம். தாங்கள் அனுப்பிய சம்மதக் கடிதத்துக்கு நன்றி. இப்படித் தப்பில்லாத கடிதம் எந்தப் பெற்றோரிடமிருந்தும் எங்களுக்கு வந்ததில்லை; மற்றவர்களுக்கு மாதிரியாகத் தகவல் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

முகம் சிவந்தது. மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பட்டாணி உரித்த இடத்தைப் பார்த்தார். நான் எழுதவில்லை, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். பெண் வீட்டிலேயே இருப்பாள். ஆனால் கையெழுத்தைத் திரும்ப வாங்க வேண்டும். பலகையிலிருந்தும் கிழித்துவிடுவார்கள். ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"ஒட்டினது ப்ரூஃபா, கடைசித் தாளா?"

"கடைசித் தாளுதாம்ப்பா" என்றாள் பெண், அழுகையும் சிரிப்புமாக.

"அப்ப சரி" என்றார். மாலைக்குள் மின்கம்பிக்காரர் வீடு வரை சேதி போய்விட்டது. "நான்தான் யோசிச்சு, எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பி வச்சேன். பொண்ணுங்க தைரியமா இருக்கணும்ல?"

அந்தப் பெண் க்ரேனில் ஏறி ஒன்பது வருஷம் ஆகிறது. மேலே, கீழே, நில், விடு: இவ்வளவுதான் கம்பியில்லாக் கருவியில் அவள் கேட்கும் பேச்சு. ஒன்றுக்கும் பகையாளி கிடையாது. என் ஓர்ப்படி வீட்டில் நாள் முழுக்க ஃப்ரிட்ஜ், ஃபேன், ஸ்விட்ச் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கேட்க ஆள் இல்லாததால்.

இனி உங்களிடம் ஒரு சின்ன விஷயம். அந்தப் பெண் விதைத்தது பதினோரு தப்பு என்று ஓர் இடத்திலும் பன்னிரண்டு என்று இன்னோர் இடத்திலும் எழுதியிருக்கிறேன். பார்த்தீர்களா? பார்த்ததும் விரல் அரை அளவுக்கு எழும்பியதா? அந்த இடத்திலிருந்து, பெண் போனாளா இல்லையா என்பதுகூடக் கொஞ்சம் மங்கிப்போயிற்றா? அப்படியானால் ஒரு பெஞ்சு சொல்கிறேன், அதில் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம். பார்க்கவே இல்லை என்பவர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு வேறு எதிலாவது விரல் எழும்பும். என் முன்னால் வந்து யாராவது ஓர்ப்படியை நாத்தனார் என்று சொல்லட்டும், அவர்கள் வீட்டில் என்ன அவசரமாக இருந்தாலும் உறவுமுறையைச் சரியாகச் சொல்ல வைக்காமல் நான் அனுப்புவதில்லை. அது வேறு, இது வேறு இல்லையா?

வேலையிலிருந்து நின்றதும் கொழுந்தன் மகளிடம் போய்விட்டார். புதிதாகச் சேர வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் கடிதத்தோடு வந்தால், முதலில் அவரிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படி யாரும் விதி போடவில்லை, அவராகவே போட்டுக்கொண்டது. இப்போது அவர் துறைமுகப் பயிற்சி நிலையத்தின் முன்கூடத்தில், தகவல் பலகைக்கு எதிரே போட்ட பெஞ்சில், இடது ஓரத்தில் இருக்கிறார்.